வல்லத்துக்கு மோட்டார் வாங்குமுன்

தைத் தெப்பத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம் அது. அம்மனும் சாமியும் ஏறிய தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். அதில் மோட்டார் கிடையாது. கரையில் நிற்கிறவர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். முதலில் வடம் விறைக்கும், தெப்பம் அசையாது. பிறகு ஒரு சாண், ஒரு முழம் என்று நகரும். நகர ஆரம்பித்துவிட்டால் ஒரே சீராக இழுத்துக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் வடம்தான் அறும், தெப்பம் வேகமாக வராது.

கடல் இல்லாத மதுரையில் படகைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் இதுதான். போன வருசம் அது உதவிக்கு வந்தது.

என் சித்தி மகன் ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பைபர் வல்லம் வைத்திருக்கிறான். நம்ம வைகையில் மிச்சம் ஏதாவது இருந்தால் அது கடலைத் தொடுகிற இடம் ஆற்றங்கரை. நண்டு வலை, செவுள் வலை போடுகிறவன். ஒரு நாள் போன் செய்தான். "அண்ணே, மோட்டாரு இழுக்கவே மாட்டேங்குது. கடையில கேட்டா பதினஞ்சு எச்.பி. எடுங்கிறாங்க. மச்சான் பத்தே போதுங்கிறாரு. நீங்க கெணத்துக்கு எத்தனை மோட்டார் வாங்கியிருக்கீங்க, ஒரு எட்டு வந்து பாருங்க."

மேலூர்ப் பக்கம் கிணற்றுக்கு மோட்டார் வாங்கிய அனுபவம் கடலுக்கு எப்படி உதவும் என்று சிரித்துக்கொண்டேதான் போனேன். பாதிக்கு மேல் உதவியது. மீதியைக் கரையில் இருந்த மெக்கானிக்குகளும் அவன் மச்சானும் சொல்லிக்கொடுத்தார்கள். சிறு படகுக்கு மோட்டார் வாங்கப் போகிற யாருக்கும் அது பயன்படும் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் படகை அளங்கள்

கடைக்குப் போகுமுன் மூன்று அளவு கையில் இருக்க வேண்டும்: படகின் நீளம், சுமையோடு சேர்த்த எடை, பின்பலகையின் உயரம். இந்த மூன்றும் இல்லாமல் போகிறவருக்குக் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் விற்பார்.

நீளம் எதற்கு? தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிற எந்தப் படகுக்கும் அதன் நீளமே ஒரு வேக வரம்பைப் போட்டுவிடுகிறது. ஓடும்போது படகு தனக்கு முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த இரண்டு அலைக்கும் நடுவே உள்ள தூரம் நீளும். ஒரு கட்டத்தில் படகு தான் எழுப்பிய அலை மேலேயே ஏறப் பார்க்கும் நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் பின்பக்கம் தாழும், நுரை பெருகும், டேங்க் காலியாகும், வேகம் கூடாது.

கணக்கு எளிது. படகு தண்ணீரைத் தொடுகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். 22 அடி வல்லம் தண்ணீரைத் தொடுவது சுமார் 20 அடி. கணக்குப் போட்டால் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் சொச்சம்.

வரம்பை நெருங்கும்போது ஆகிற செலவைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டினால் வேண்டிய சக்தி ஏறத்தாழ அதன் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 5 நாட்டில் போகிறவர் 6 நாட்டுக்கு ஏறினால் சக்தி 70 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும். 10 கடல் மைல் தூரத்துக்கு 5 நாட்டில் 2 மணி நேரம், 6 நாட்டில் 1 மணி 40 நிமிடம். மிச்சமாவது 20 நிமிடம். அதே தூரத்துக்கு எண்ணெய்ச் செலவு 40 சதவீதத்துக்கு மேல் அதிகம். மீன் ஏலத்துக்கு ஓடுகிற நாளில் அந்த 20 நிமிடம் காசாகலாம். தினமும் ஆகாது.

தட்டையான அடிப்பாகமும் குறைந்த எடையும் பெரிய என்ஜினும் இருந்தால் படகு தண்ணீர் மேல் ஏறி வழுக்கிப் போகும். அதற்கு இந்த வரம்பு இல்லை. கடலோரக் காவல் படகுகள் அப்படித்தான் பறக்கின்றன. வலை, ஐஸ் பெட்டி, மூன்று ஆள் என்று ஏற்றிய வல்லத்தை அப்படிப் பறக்கவைக்க நினைத்தால் மீன் விற்ற காசு பெட்ரோல் பங்க்கோடு போய்விடும்.

எத்தனை எச்.பி.?

வல்லத்தின் எடை, ஆட்கள், வலை, ஐஸ், எதிர்பார்க்கிற மீன், எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டுங்கள். தம்பியின் 22 அடி வல்லத்துக்கு அது ஒன்றரை டன் வந்தது. மெதுவாகப் போகிற மீன்பிடிப் படகுக்கு ஒரு டன்னுக்கு 4 முதல் 5 எச்.பி. என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் 6 முதல் 7½. எதிர்க்காற்றும் எதிர் நீவாடும் (நீரோட்டமும்) வருகிற நாளுக்காகக் கொஞ்சம் சேர்த்தால் 9 அல்லது 10. மச்சான் எந்தக் கணக்கும் போடாமல் சொன்ன எண்ணும் அதுவே.

இங்கேதான் கிணற்று மோட்டார் ஞாபகத்துக்கு வந்தது. திறந்த கிணற்றில் 5 எச்.பி. மோனோபிளாக் வாய் நிறையத் தண்ணீர் தள்ளும். அதே 5 எச்.பி. ஆழ்துளைக் கிணற்றில் இறங்கினால் விரல் தடிமனுக்குத்தான் வரும், ஆனால் 300 அடியிலிருந்து ஏற்றும். சக்தி ஒன்று, வேலை வேறு. வேலையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற இம்பெல்லர். படகில் அந்த இடத்தில் இருப்பது விசிறி, அதாவது புரொப்பல்லர்.

விசிறியின் மேல் 9¼ × 10 என்பதுபோல இரண்டு எண் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது 'பிட்ச்'. மரத்தில் திருகு ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ, அதுபோல விசிறி ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பது பிட்ச். பிட்ச் அதிகமென்றால் டிராக்டரின் மேல் கியர்: காலி ரோட்டில் ஓடலாம், சேற்று உழவுக்கு ஆகாது. சுமை ஏற்றுகிற வல்லத்துக்குப் பிட்ச் குறைந்த, விட்டம் கூடிய விசிறி வேண்டும். தெப்பத்து வடத்தில் இருக்கிற இழுவை அதில்தான் கிடைக்கும்.

கம்பெனிப் பெட்டியில் வருகிற விசிறி பெரும்பாலும் லேசான படகை மனதில் வைத்துப் போட்டது. அது நம் படகுக்குப் பொருந்துகிறதா என்று அறிய வழி உண்டு. ஏடு என்று தூக்கிப் போடுகிற கையேட்டில் முழு முறுக்கில் என்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். 4,500 முதல் 5,500 என்று இருப்பதாக வையுங்கள். பிளக் வயரில் சுற்றிக்கட்டுகிற சின்ன சுற்றுமானியை மாட்டி, வழக்கமான சுமையோடு முழு முறுக்கில் ஓட்டிப் பாருங்கள். 4,200ஐத் தாண்டவில்லை என்றால் என்ஜின் திணறுகிறது, பிட்ச் குறைந்த விசிறி போடுங்கள். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும். விசிறி மாற்ற ஆகிற செலவு புது மோட்டாரில் ஒரு சின்னப் பங்குதான். இதைச் செய்யாமல் பெரிய எச்.பி. வாங்குவது, செருப்பு கடிக்கிறதென்று பைக் வாங்குவது மாதிரி.

ஐந்து அங்குலம் செய்த வேலை

தம்பியின் பழைய மோட்டார் இழுக்காததற்கு வேறு காரணம் இருந்தது. அதை ஒரு தையற்கடை டேப் கண்டுபிடித்தது.

வெளிமோட்டாரின் தண்டு மூன்று நீளத்தில் வரும். குட்டை 15 அங்குலம், நெட்டை 20, மிக நெட்டை 25. மாடல் பெயரின் கடைசியில் எஸ், எல், எக்ஸ் என்கிற எழுத்து இதைச் சொல்லும். மோட்டாரை மாட்டுகிற பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவிளிம்பு வரை அளந்தால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும். விசிறிக்கு மேலே கை அகலத்துக்கு ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டி முடித்ததும் அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும்.

வல்லத்தை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். டேப்பின் ஒரு முனையைத் தம்பி பிடிக்க, நான் கீழே குனிந்து படித்தேன். பலகை 20 அங்குலம். மோட்டாரோ குட்டைத் தண்டு. இரண்டு வருசம் முன்னால் ஒரு தரகர் மூலம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவரும் அளக்கவில்லை, இவனும் அளக்கவில்லை. தட்டு அடிமட்டத்துக்கு ஐந்து அங்குலம் மேலே நின்றது. அலை கொஞ்சம் தூக்கினால் விசிறி பாதி காற்றில் சுற்றும். என்ஜின் அலறும், படகு நகராது. குளிர்விக்கிற தண்ணீரை உறிஞ்சும் ஓட்டையும் மேலே வந்துவிடுவதால் சூடு ஏறும். "நோஞ்சான் மோட்டார்" என்று இரண்டு வருசமாகத் திட்டு வாங்கிய என்ஜினில் பெரிய குறை எதுவும் இல்லை.

தம்பி டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். மச்சான் மட்டும், "மாப்ள, இதுக்கா பதினஞ்சு எச்.பி. வாங்கப் போன?" என்றார்.

தண்டு தேவைக்கு மேல் நெட்டையாக இருந்தாலும் கேடுதான். தண்ணீரில் இழுபடும் இரும்பு அதிகமாகும், வேகம் குறையும், மணல் திட்டில் முதலில் அடிபடுவதும் அதுவே.

பெட்ரோலா, மண்ணெண்ணெயா, டீசலா?

1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் சிறு படகின் பின்பக்கம் மாட்டிக் கழற்றுகிற மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வணிகத்தில் வெற்றி கண்ட முதல் வெளிமோட்டார் அதுதான். நம் கரைக்கு மோட்டார் பரவலாக வர நெடுங்காலம் ஆனது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையில் தொடங்கியபோது, அலை அடிக்கிற மணற்கரையில் ஏற்றி இறக்குகிற படகுக்கு டீசல் என்ஜினை எப்படிப் பொருத்துவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. கரை தட்டும்போது தண்டையும் விசிறியையும் மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பை அந்தத் திட்டத்தில் உருவாக்கினார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரம் இருந்த இடங்களில் பைபர் படகுகள் நிறைந்தன. அவற்றோடு சேர்ந்து நீளத் தண்டு வைத்த சிறு டீசல் என்ஜினும் பரவியது. சோழமண்டலக் கரையில் லம்பார்டினி என்ற இத்தாலியப் பெயர் அப்படித்தான் ஊர்ப்பெயர் மாதிரி பழகியது.

இன்று சிறு படகுக்காரர் முன்னால் நான்கு வழி இருக்கிறது.

ஒன்று, இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார். எடை குறைவு, 15 எச்.பி. கூட சுமார் 36 கிலோதான், ஓர் ஆள் தோளில் தூக்கிவிடலாம். பாகங்கள் குறைவு, கரையிலேயே பிரித்து மாட்டலாம். ஆனால் எண்ணெய் குடிக்கும். பெட்ரோலோடு 50க்கு 1 என்று ஆயில் கலக்கவும் வேண்டும்.

இரண்டு, நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல். சத்தமும் புகையும் குறைவு, எண்ணெய் மிச்சம். அதே 15 எச்.பி. 50 கிலோவை ஒட்டி வரும். பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

மூன்று, மண்ணெண்ணெய் மோட்டார். இது சாதாரண பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றுவதல்ல. அதற்கென்றே செய்த மாடல். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரைச் சுத்தமாக்க வேண்டும். அதை மறந்தால் மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும்.

நான்கு, நீளத் தண்டு டீசல். காற்றிலேயே குளிரும் வகைதான் அதிகம். கனம், அதிர்வு, காது அடைக்கும் சத்தம் எல்லாம் உண்டு. எண்ணெய்ச் செலவு எல்லாவற்றையும்விடக் குறைவு.

செலவை ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். முழு முறுக்கில் ஓர் எச்.பி.க்கு ஒரு மணி நேரத்துக்கு ஆகிற எண்ணெய் தோராயமாக: டீசல் கால் லிட்டர், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மூன்றில் ஒரு லிட்டர், இரண்டு ஸ்ட்ரோக் அரை லிட்டர். 10 எச்.பி. மோட்டார் நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் டீசல் 10 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக் 13½, இரண்டு ஸ்ட்ரோக் 20. இரண்டு பெட்ரோல் மோட்டாருக்கும் நடுவே நாளுக்கு ஆறரை லிட்டர் வித்தியாசம். வருசத்துக்கு 200 நாள் கடலுக்குப் போகிறவருக்கு 1,300 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,30,000 ரூபாய். இது போக இரண்டு ஸ்ட்ரோக்குக்குத் தினமும் 400 மில்லி ஆயில்.

எப்போதும் முழு முறுக்கில் யாரும் ஓட்டுவதில்லை. தொகை இதைவிடக் குறையும். ஆனாலும் விலைச்சீட்டில் தெரிகிற வித்தியாசத்தை எண்ணெய் சீக்கிரமே தின்றுவிடும். மாதத்துக்கு நாலு நாள் மட்டும் போகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே திரும்பும். அவருக்கு விலை குறைந்த, எளிய மோட்டார்தான் லாபம்.

பேட்டரி மோட்டார் வருகிறதே என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 10 எச்.பி. என்பது 7½ கிலோவாட். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்குவது 1.2 கிலோவாட் மணி. முழு முறுக்கில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஏரியிலோ கண்மாயிலோ சின்னப் படகை மெதுவாக ஓட்டச் சரி. வலையோடு கடலுக்குப் போக இப்போதைக்கு விலையும் கனமும் இடம் கொடுக்காது.

உங்கள் கடல் எது?

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு கடல். பாக் நீரிணை வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் வீசும்போது தென்கடல். மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

வடகடல் ஆழம் குறைந்தது. பெரும்பகுதி 10 மீட்டருக்குள்தான். கரையோரம் சேறும் மணலும் கடற்புல்லும். தண்ணீரால் குளிரும் மோட்டார் கலங்கலில் ஓடும்போது மணலையும் சேர்த்து உறிஞ்சும். உள்ளே தண்ணீர் ஏற்றுகிற ரப்பர் இம்பெல்லர் சீக்கிரம் தேயும். புல் வந்து விசிறியில் சுற்றும். காற்றில் குளிரும் நீளத் தண்டு டீசலுக்கு மணல் தொல்லை இல்லை, தண்டைச் சட்டென்று தூக்கிப் புல்லையும் எடுத்துவிடலாம். வெளிமோட்டார் வாங்குகிறவர் ஆழமில்லாத இடத்தில் பாதி தூக்கி ஓட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

தென்கடலில் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்காப் பகுதிக்குள் மீன் பிடிக்கவே கூடாது. அதற்கு வெளியே பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கிற இடங்களில் விசிறி கல்லில் தட்டும். தட்டினால் கியருக்கு அடி போகாமல் தான் முறிந்து காப்பாற்றுகிற சின்னப் பின் சில மாடல்களில் உண்டு, சிலவற்றில் விசிறியின் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். பின் வகை என்றால் இரண்டு பின்னும் ஒரு குறடும் எப்போதும் படகில் இருக்கட்டும்.

நின்றுபோனால் யார் வருவார்?

மச்சான் சொன்னதில் எனக்கு மிகப் பிடித்தது இது: "மோட்டார பாக்காத மாப்ள, மெக்கானிக்க பாரு." நான் சிரித்தேன். பிறகு யோசித்தால் அவர் சொன்னது சரியாகப்பட்டது. எவின்ரூட் பெயரில் நூறு வருசத்துக்கு மேல் மோட்டார் செய்தார்கள். 2020இல் அந்தக் கம்பெனி உற்பத்தியையே நிறுத்திவிட்டது. உலகத்தின் முதல் பெயருக்கே அந்த கதி என்றால், நேற்று வந்த இறக்குமதி மோட்டாருக்கு மூன்று வருசம் கழித்து ஸ்பேர் எங்கே தேடுவது?

எனவே வாங்குமுன் உங்கள் கரையில் ஒரு நடை நடங்கள். எந்த மோட்டார் அதிகம் மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். பக்கத்து ஸ்பேர் கடையில் நான்கு சாமான் கேளுங்கள்: இம்பெல்லர், கியர் ஆயில் சீல், ஸ்டார்ட்டர் கயிறும் சுருளும், இக்னிஷன் காயில். நான்கையும் எடுத்து மேசை மேல் வைக்கிற கடை உங்கள் ஊரில் எந்த மோட்டாருக்கு இருக்கிறதோ, அதற்கு முதல் மதிப்பெண். மூன்றைக் காட்டி, நான்காவதற்கு "மதுரையிலிருந்து வரவழைக்கணும்" என்றால் ஒரு வாரப் பாடு போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு மூன்று சோதனை. கியர் பெட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஆயிலைப் பாருங்கள். டீ மாதிரி பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகக் காட்ட வேண்டும். டிரம்மில் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்க்கும்போது பின்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று கவனியுங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். கடலில் கெட்டுக் கிடந்து வெளியே பெயிண்ட் அடித்த மோட்டாரும் சந்தைக்கு வரும். திருகுகளின் மேலேயே பெயிண்ட் ஓடியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

மானியமும் காகிதமும்

2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தவற்றில் மூன்று சிறு படகுக்காரருக்கு நேராகப் பயன்படுபவை. நாட்டுப் படகுகளுக்கு 1,000 மோட்டார் 40 சதவீத மானியத்தில். மோட்டார் பொருத்திய நாட்டுப் படகுக்கு வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400. மானிய மண்ணெண்ணெய் 3,400 லிட்டரிலிருந்து 3,700. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்: 200 நாளுக்கு 4,400 லிட்டர் என்றால் நாளுக்கு 22 லிட்டர். 10 எச்.பி. டீசல் படகுக்குத் தாராளம். இந்த டீசல், மண்ணெண்ணெய்ச் சலுகைகள் பெட்ரோல் மோட்டாருக்கு உதவாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

2020இல் வந்த மத்திய அரசின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்பது மானிய வரையறை. எந்தத் திட்டம் இந்த ஆண்டு திறந்திருக்கிறது, எத்தனை எச்.பி. வரை, எந்த மாடல் என்பதை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வாங்கிவிட்டு பில்லோடு போய் நின்றால் கை விரித்துவிடக்கூடும். படகுப் பதிவுச் சான்றில் என்ஜின் எண்ணை ஏற்றிவிடுங்கள். மோட்டார் திருட்டுப் போனாலும் இன்சூரன்ஸ் கேட்டாலும் அந்த எண்தான் பேசும். பில்லையும் எண் தகட்டையும் போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

வாங்கிய பிறகு முதல் மாதம்

புது மோட்டாரை முதல் பத்து மணி நேரம் முழுதாக முறுக்காதீர்கள். உள்ளே உலோகம் ஒன்றோடு ஒன்று பழக அவகாசம் வேண்டும். கையேட்டில் சொன்ன முதல் சர்வீஸைத் தவறவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் தின்பதற்கென்றே கீழே ஒரு சாம்பல் நிறக் கட்டி மாட்டியிருக்கும். அது தன்னைக் கொடுத்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றுகிறது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் வேலை செய்யாது. மோட்டாரோடு வருகிற சிவப்புக் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் என்ஜின் நின்றுவிடும். துடுப்பு ஒரு ஜோடி படகில் இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாள் கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் கீழ்ப்பகுதியை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். தண்ணீரால் குளிரும் மோட்டாரின் ஆயுள் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

தம்பி கடைசியில் 20 அங்குலத் தண்டு வைத்த 10 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் வாங்கினான். அவன் போவது பக்கத்தில், நண்டு வலைக்கு நூறு தடவை நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும். மாட்டுவதற்குப் பிட்ச் குறைந்த விசிறி கேட்டு வாங்கினான். மச்சான் தன் டீசலை விடவில்லை. அவர் தூரம் போகிறவர், அவருக்கு அதுதான் கணக்கு.

முதல் நாள் சாயங்காலம் வல்லம் கரையேறியதும் டிரம் வைத்தான். தண்ணீர் லாரி வருகிற நாளில் மட்டும் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர் அது. சித்தி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றார்.

"குடிக்கவே தண்ணி காசு. இந்த எழவுக்கு ஒரு டிரம்மாடா?"

"சித்தி, அது குடிக்கட்டும். இல்லேன்னா பெட்ரோல் குடிக்கும்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடத்தை டிரம்மில் கவிழ்த்தார். தம்பி கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் மோட்டார் கிளம்பி, பின்னாலிருந்து மெல்லிய நீர்த்தாரை வளைந்து விழுந்தது. சித்தி குனிந்து அந்தத் தாரைக்குக் கீழே காலிக் குடத்தை நீட்டி, கால் கழுவ ஆகும் என்று பிடித்துக்கொண்டார்.